விழாமல் நடக்கக் கற்றுத்தரும் தாய்ச்சி: எந்த வயதிலும் தொடங்கலாம்

காலை ஏழு மணி. பெட்டாலிங் ஜெயா தாமான் ஜெயா ஏரிக்கரையில் வெயில் இன்னும் ஏறவில்லை. நடைப்பாதையில் மெதுவோட்டக்காரர்கள் சுற்றி வருகிறார்கள். மரநிழலில் இருபது, முப்பது பேர் வரிசையாக நிற்கிறார்கள். கைகள் மெல்ல எழுகின்றன, மெல்ல இறங்குகின்றன. ஒரு கால் தரையிலிருந்து எழும்பி ஓசையில்லாமல் முன்னே பதிகிறது. யாரும் பேசுவதில்லை, யாருக்கும் மூச்சு வாங்குவதில்லை.

கோலாலம்பூர் ஏரிப் பூங்கா, தித்திவங்சா, கிள்ளான் வட்டாரப் பூங்காக்கள் எனப் பள்ளத்தாக்கின் பல இடங்களில் அதிகாலையில் காணக்கூடிய காட்சி இது. நடைப்பயிற்சிக்கு வரும் நம்மவர்களும் இதைத் தினமும் கடந்து செல்கிறார்கள். "அது சீனப் பெரியவர்கள் செய்வது" என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்துவிடுபவர்களே அதிகம்.

அந்த மரநிழலில் நின்று கற்றுக்கொள்ள இனம், மொழி, வயது எதுவும் தடையில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒரு பாட்டியோ தாத்தாவோ இல்லாத சொந்தபந்தம் நம்மிடையே குறைவு. அந்த விழுதலைத் தடுப்பதில் நல்ல பலன் தருவதாக ஆய்வுகளில் தெரியவந்துள்ள பயிற்சிகளில் ஒன்று தாய்ச்சி.

தாய்ச்சி என்பது என்ன?

தாய்ச்சி சீனத் தற்காப்புக் கலைகளில் ஒன்று. அதன் முழுப் பெயர் தாய்ச்சிச்சுவான். இதன் தோற்றம் பற்றிப் பல கதைகள் உண்டு. மலையில் வாழ்ந்த துறவி ஒருவர் உருவாக்கினார் என்பது மரபுக் கதை. வரலாற்று ஆய்வாளர்கள் பலர் சுட்டிக்காட்டுவது சீனாவின் ஹெனான் மாநிலத்தில் உள்ள சென்ஜியாகோ என்ற கிராமத்தை. 17ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த சென் வாங்திங் என்ற படைவீரர் தம் குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுத்த போர்ப்பயிற்சியே இதன் வேர் என்பது அவர்கள் கருத்து.

அந்தக் குடும்பத்துக்கு வெளியே இருந்து வந்து கலையைக் கற்றவர் யாங் லூசான் (1799-1872). அவர் அதைப் பெய்ஜிங்கிற்குக் கொண்டுசென்றார். காலப்போக்கில் சென், யாங், வூ, ஹாவ், சுன் என ஐந்து முக்கியப் பாணிகள் உருவாயின. இன்று உலகம் முழுவதும் அதிகமாகப் பயிலப்படுவது யாங் பாணி. 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை அதை 24 அசைவுகளாகச் சுருக்கியது. முழுவதையும் செய்து முடிக்க ஐந்தாறு நிமிடம் போதும். பூங்காக்களில் புதியவர்கள் பெரும்பாலும் முதலில் கற்பது இதைத்தான்.

அசைவுகளின் பெயர்களே அவற்றின் இயல்பைச் சொல்லிவிடும். காட்டுக்குதிரையின் பிடரியைப் பிரித்தல், வெண்கொக்கு சிறகை விரித்தல், மேகம்போல் கைகளை நகர்த்தல், பொற்சேவல் ஒற்றைக்காலில் நிற்றல் என்று அவை போகும். சிலம்பம் கற்றவர்களுக்கு இதன் அடிப்படை எளிதில் பிடிபடும். கம்பைச் சுழற்றுவதற்கு முன் காலடி வைக்கக் கற்றுக்கொடுப்பார் சிலம்ப ஆசான். தாய்ச்சியிலும் கால்தான் முதல் பாடம்.

தாய்ச்சியில் வழிபாடு இல்லை, மந்திரம் இல்லை. எந்தச் சமயத்தைச் சேர்ந்தவரும் தயக்கமின்றிச் செய்யலாம். 2019இல் மலேசியாவின் சிலாட் தற்காப்புக் கலையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த யுனெஸ்கோ, 2020 டிசம்பரில் தாய்ச்சியையும் அதே பட்டியலில் சேர்த்தது.

மலேசியாவில் வேரூன்றிய கதை

நம் நாட்டில் தாய்ச்சி பரவியதில் ஹுவாங் ஷெங் ஷியான் என்ற ஆசானுக்குப் பெரும் பங்கு உண்டு. 1910இல் சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில் பிறந்த அவர், முதலில் வெண்கொக்குப் பாணித் தற்காப்புக் கலையில் தேர்ந்தவர். பின்னர் தைவானில், யாங் பாணியை 37 அசைவுகளாகச் சுருக்கிப் புகழ்பெற்ற செங் மான் சிங்கிடம் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது. 1950களில் தென்கிழக்காசியாவுக்கு வந்து, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பல பயிற்சிப் பள்ளிகளை நிறுவினார்.

1970இல் சரவாக் மாநிலத்தின் கூச்சிங்கில் நன்கொடை திரட்டுவதற்காக ஒரு போட்டி நடந்தது. ஹுவாங்கிற்கு அப்போது 60 வயது. எதிரே நின்றவர் லியாவ் குவாங் செங் என்ற மல்யுத்த வீரர். அறுபது வயது ஆசான் அவரை 26 முறை வீழ்த்தினார். ஒருமுறைகூட அவர் வீழவில்லை. 1992இல் ஹுவாங் காலமானார். அவருடைய மாணவர்களும் மாணவர்களின் மாணவர்களும் இன்றும் இந்நாட்டில் கற்றுக்கொடுத்து வருகிறார்கள்.

பூங்காவில் கைவீசும் பெரியவர்கள் யாரும் மல்யுத்தத்துக்குத் தயாராவதில்லை. ஆனாலும் அந்தப் போட்டி காட்டிய உண்மை அவர்களுக்கும் பொருந்தும். காலைத் தரையில் உறுதியாக ஊன்றி, உடலைத் தளர்வாக வைத்து, தள்ளும் விசைக்கு நிலைகுலையாமல் நிற்கும் திறனை அறுபது வயதிலும் வைத்திருக்க முடியும்.

நம்மவர்களுக்கு ஏன் இது தேவை?

தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறைக்கு உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. விடியற்காலையில் பெரட்டுக்கு எழுந்து, மேடுபள்ளமான நிலத்தில் நடந்து, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பால்மரங்களைச் சீவி, பால் வாளியைச் சுமந்து வந்தவர்கள் அவர்கள். செம்பனைக் குலைகளை வெட்டி ஏற்றியவர்களும் அப்படித்தான். குனிவதும் நிமிர்வதும் எடை சுமப்பதும் அன்றாட வேலையாக இருந்தன.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் கிள்ளான், ஷா ஆலாம், பூச்சோங் பகுதிகளின் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்த பிறகு வாழ்க்கை மாறிவிட்டது. பிள்ளைகள் வேலைக்குச் செல்ல, பெரியவர்கள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்துவிடுகிறார்கள். சாப்பாட்டின் அளவோ இனிப்புத் தேநீரின் அளவோ குறைவதில்லை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஊழியர்களாகவும் அரசு எழுத்தர்களாகவும் இருந்து ஓய்வு பெற்றவர்கள் நிலையும் ஏறத்தாழ இதுதான். இளைய தலைமுறையோ கணினியின் முன்னும் நெரிசலில் காரிலும் நாளைக் கழிக்கிறது.

விளைவு எண்களில் தெரிகிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது ஏறக்குறைய 31 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். நாட்டில் நான்கு பேரில் ஒருவர் போதிய உடலுழைப்பு இல்லாதவர் என்றும் அதே ஆய்வு கூறியது. 2018இல் மூத்தோரைப் பற்றி நடத்தப்பட்ட ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களில் ஏழு பேரில் ஒருவர் முந்தைய ஓராண்டில் ஒருமுறையாவது விழுந்திருந்தது தெரியவந்தது.

இனிப்பு நீருக்கும் விழுதலுக்கும் தொடர்பு உண்டு. நீண்டகால இனிப்பு நீர் பாத நரம்புகளைப் பாதிக்கும். தரை எங்கே இருக்கிறது, எவ்வளவு வழுக்குகிறது என்று பாதம் மூளைக்குச் சொல்வது குறையும். கண்பார்வையும் மங்கினால், இருட்டில் கழிவறைக்குச் செல்லும் நாலடி தூரமே ஆபத்தாகிவிடும்.

விழாமல் காப்பது எப்படி?

நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று தகவல்கள் மூளைக்குச் சென்றுகொண்டே இருக்கின்றன. கண் தருவது ஒன்று. காதின் உட்பகுதி தருவது இன்னொன்று. பாதமும் மூட்டுகளும் தருவது மூன்றாவது. அவற்றை வைத்து மூளை கட்டளையிட, தொடையும் கணுக்காலும் உடனே செயல்பட வேண்டும். வயதாக ஆக இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தளர்கிறது. முப்பது வயதுக்குப் பிறகே தசை மெல்லக் கரையத் தொடங்குகிறது. ஒருமுறை விழுந்தவருக்கு அச்சம் வந்து நடமாட்டம் குறைகிறது. நடமாட்டம் குறைந்தால் தசை மேலும் கரைகிறது.

தாய்ச்சி இந்தச் சங்கிலி முழுவதையும் ஒரே நேரத்தில் பழக்குகிறது. முழங்காலைச் சற்று மடக்கிய நிலையில் உடலின் எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெதுவாக மாறுகிறது. வேகமாக நடக்கும்போது ஒற்றைக்காலில் நிற்கும் நேரம் ஒரு நொடிகூட இருக்காது. தாய்ச்சியில் அதே அடி பல நொடிகள் நீள்கிறது. தொடைத் தசைக்கு அது நல்ல வேலை. தலையும் கண்ணும் கையின் திசையில் திரும்புவதால், உடல் திரும்பும்போதும் தள்ளாடாமல் இருக்கப் பழகுகிறது. மெதுவாகச் செய்வது சுலபம் என்று நினைப்பவர்கள் பத்து நிமிடம் செய்து பார்த்தால் தொடை நடுங்குவதை உணர்வார்கள்.

ஆய்வுகளும் இதை ஆதரிக்கின்றன. 1996இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 70 வயதைக் கடந்த 200 பேரிடம் நடந்த ஆய்வில், 15 வாரம் தாய்ச்சி பயின்றவர்கள் மீண்டும் மீண்டும் விழும் அபாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. 2018இல் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் 670 மூத்தோரிடம் நடந்த ஆய்வு இன்னும் பெரியது. விழும் அபாயம் அதிகமுள்ள அவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு ஆறு மாதம் பயின்றார்கள். சமநிலைக்கெனத் தகவமைக்கப்பட்ட தாய்ச்சியைச் செய்த குழுவினர், தசைகளை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட 58 விழுக்காடு குறைவாக விழுந்தார்கள். பலவகைப் பயிற்சிகளைக் கலந்து செய்தவர்களோடு ஒப்பிட்டாலும் 31 விழுக்காடு குறைவு.

எல்லா ஆய்வுகளும் இவ்வளவு பெரிய பலனைக் காட்டவில்லை. 2019இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிட்ட காக்ரேன் அறிக்கை, தாய்ச்சியால் விழுதல் சுமார் 19 விழுக்காடு குறையக்கூடும் என்றது. ஏற்கனவே மிகவும் தளர்ந்துபோன முதியவர்களிடம் 2003இல் நடந்த ஓர் ஆய்வில், முதல் சில மாதங்களில் பலன் தெரியவில்லை. நான்காம் மாதத்துக்குப் பிறகே விழுதல் குறைந்தது. தளர்வதற்கு முன்பே தொடங்குவது நல்லது, தொடங்கினால் பாதியில் விடக்கூடாது என்ற இரண்டு பாடங்களை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

முழங்கால் வலி உள்ளவர்கள் செய்யலாமா?

"முட்டி வலிக்கிறது, நான் எங்கே பயிற்சி செய்வது?" என்று கேட்கும் அம்மாக்கள் நம்மிடையே ஏராளம். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் ஓடுவதும் குதிப்பதும் கடினம்தான். தாய்ச்சியில் அவை இரண்டும் இல்லை.

2016இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழு வாரம் இருமுறை தாய்ச்சி பயின்றது. மற்றக் குழுவுக்கு வழக்கமான இயன்முறை சிகிச்சை தரப்பட்டது. 12 வாரம் கழித்து இரு குழுவினருக்கும் வலி ஏறத்தாழ சம அளவில் குறைந்திருந்தது. தாய்ச்சி செய்தவர்களுக்கு மனச்சோர்வும் கூடுதலாகக் குறைந்தது.

முட்டியைச் சுற்றியுள்ள தசை வலுப்பெறும்போது மூட்டின் மீது விழும் சுமை குறைகிறது. ஆனால் தவறாகச் செய்தால் இதே பயிற்சி முட்டியை நோகடிக்கும். மடக்கிய முழங்கால் பெருவிரல் நுனியைத் தாண்டக் கூடாது. பாதம் எந்தத் திசையில் இருக்கிறதோ முழங்காலும் அதே திசையில் இருக்க வேண்டும். எடை முழுவதும் ஒரு காலில் இருக்கும்போது அந்தக் காலைத் திருகக் கூடாது. வலி உள்ளவர்கள் தாழ்ந்து அமராமல் உயர்ந்த நிலையிலேயே செய்யலாம். சுன் பாணி அப்படி உயர்ந்த நிலையில் செய்யப்படுவது என்பதால் மூட்டுவலிக்கென அமைந்த சில பயிற்சித் திட்டங்கள் அதைப் பயன்படுத்துகின்றன.

ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், வயிற்றுச் சதை

2024இல் பெய்ஜிங்கில் நடந்த ஓர் ஆய்வு, ரத்தக் கொதிப்பு வருவதற்கு முந்தைய நிலையில் இருந்த 342 பேரைப் பற்றியது. அவர்கள் 18 முதல் 65 வயது வரை உள்ளவர்கள். ஒரு குழு தாய்ச்சியையும் இன்னொரு குழு வேகநடை, மிதிவண்டி போன்ற பயிற்சிகளையும் வாரம் நான்கு நாள் செய்தன. ஓராண்டு முடிவில் ரத்த அழுத்தத்தின் மேல் எண், தாய்ச்சிக் குழுவில் சராசரியாக 7 புள்ளியும் மற்றக் குழுவில் 4.6 புள்ளியும் குறைந்திருந்தது. இளையவர்களுக்கும் நடுத்தர வயதினருக்கும் பலன் உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

2021இல் ஹாங்காங்கில் வயிற்றுச் சதை மிகுந்த, 50 வயதைக் கடந்த 543 பேரிடம் நடந்த ஆய்வில், 12 வாரத்தில் தாய்ச்சி செய்தவர்களின் இடுப்புச் சுற்றளவு மற்ற உடற்பயிற்சி செய்தவர்களுக்கு இணையாகக் குறைந்தது. குறைந்த அளவு இரண்டு சென்டிமீட்டருக்கும் கீழ்தான். மாதத்தில் பத்து கிலோ குறையும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்குத் தாய்ச்சி உணவுக் கட்டுப்பாட்டுக்கும் மருந்துக்கும் துணை. மாத்திரையை நிறுத்துவதற்கான காரணமாக அதைக் கொள்ளக் கூடாது. மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் முடிவு.

தூக்கமும் மனமும்

அசைவுகளின் வரிசையை நினைவில் வைத்து, மூச்சைக் கவனித்து, கை கால்களை ஒருங்கிணைத்துச் செய்வதால் மனம் வேறு பக்கம் அலைவது குறைகிறது. ஹாங்காங்கில் தூக்கமின்மையால் அவதிப்பட்ட 320 மூத்தோரிடம் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வில், மூன்று மாதம் தாய்ச்சி பயின்றவர்களுக்கு ஏற்பட்ட முன்னேற்றம் இரண்டு ஆண்டுகள் கழித்தும் தெரிந்தது. வழக்கமான உடற்பயிற்சியும் அதே அளவில் உதவியது.

பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கும் பலன் உண்டு. 2012இல் வெளியான ஆய்வில் அந்நோயின் தொடக்க, இடைநிலையில் இருந்த 195 பேர் பங்கேற்றார்கள். ஆறு மாதம் தாய்ச்சி செய்தவர்களின் சமநிலை, எடைப் பயிற்சி செய்தவர்களுடையதையும் தசை நீட்டும் பயிற்சி செய்தவர்களுடையதையும்விட நன்றாக இருந்தது. நோய் குணமாகவில்லை, நடமாட்டம் மேம்பட்டது.

எண்களில் அடங்காத இன்னொரு பலனும் உண்டு. பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின் தனித்திருக்கும் பெரியவருக்கு, காலையில் போய்ச் சேர ஓர் இடமும் "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்க நாலு பேரும் கிடைக்கிறார்கள். பயிற்சி முடிந்து அருகிலுள்ள கடையில் தேநீர் அருந்தும் நேரமும் அதில் ஒரு பகுதி.

எந்த வயதுக்கு எது?

பள்ளிப் பிள்ளைகளும் இளையோரும் தாய்ச்சியை விளையாட்டாகவே கற்கலாம். வூஷூ போட்டிகளில் தாய்ச்சிக்குத் தனிப் பிரிவு உண்டு. அதில் களமிறங்குபவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். உயர்ந்து உதைப்பதும் தாழ்ந்து அமர்வதும் அதில் அடக்கம். எலும்பும் தசையும் உறுதியாகும் வயது என்பதால், இவர்கள் ஓட்டம், பந்து விளையாட்டு ஆகியவற்றோடு சேர்த்துச் செய்வதே சரி.

முப்பது முதல் ஐம்பது வயதுக்குட்பட்டவர்களுக்கு முதுகுப் பிடிப்பும் கழுத்து வலியும் மன உளைச்சலுமே பெரிய தொல்லை. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்பு தேவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தினமும் அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள் தாய்ச்சி செய்தால் அந்தக் கணக்கு நிறைவேறும். கூடவே வேகநடையும் இருந்தால் இதயத்துக்கு இன்னும் நல்லது.

65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று அதே நிறுவனம் கூறுகிறது. தாய்ச்சி இதற்குப் பொருத்தமானது. நிற்க முடியாதவர்களுக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் அமர்ந்தபடி செய்யும் தாய்ச்சி உண்டு. தோள், முதுகு, மூச்சு ஆகியவற்றுக்கு அது உதவும்.

உங்கள் சமநிலையை நீங்களே பார்க்கலாம்

சுவரோரம் நின்று, பக்கத்தில் ஒருவர் துணையிருக்க, ஒரு காலைத் தூக்கி மறுகாலில் பத்து நொடி நிற்க முடிகிறதா என்று பாருங்கள். பிரேசிலில் 51 முதல் 75 வயதுக்குட்பட்ட 1,702 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், ஐந்தில் ஒருவரால் அப்படி நிற்க முடியவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் அவர்களிடையே இறப்பும் அதிகமாக இருந்தது. ஒற்றைக்காலில் நிற்காததால் யாரும் இறப்பதில்லை. உடல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதற்கு அது ஓர் அறிகுறி. அடிக்கடி விழுபவர்களும் தலைசுற்றல் உள்ளவர்களும் இதை வீட்டில் சோதிக்காமல் நேரே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எங்கே கற்றுக்கொள்வது?

காலை ஆறரை மணியிலிருந்து எட்டரை மணிக்குள் அருகிலுள்ள பூங்காவுக்குப் போய்ப் பார்ப்பதே எளிய வழி. பிரிக்பீல்ட்ஸ்வாசிகளுக்கு ஏரிப் பூங்கா அருகில் உள்ளது. பெட்டாலிங் ஜெயாவில் தாமான் ஜெயா இருக்கிறது. கிள்ளானில் தாமான் ராக்யாட்டையும் பண்டார் பொட்டானிக் ஏரிக்கரையையும் சுற்றிப் பார்க்கலாம். ஒரு குழுவைக் கண்டால், பயிற்சி முடியும்வரை காத்திருந்து, முன்வரிசையில் நிற்கும் ஆசானிடம் கேளுங்கள். சீஃபு என்று அழைப்பது மரியாதை. மலாயில் பேசினால் போதும்.

கிள்ளானில் ஹொக்கியனிலும் கோலாலம்பூரில் கந்தோனீஸிலும் கட்டளைகள் வரலாம். மொழி புரியாவிட்டாலும் குறையில்லை. முன்னால் நிற்பவரைப் பார்த்துச் செய்வதே இக்கலையைக் கற்கும் முறை. முதல் சில வாரம் பின்வரிசையில், நடுவில் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்த்துச் செய்ய ஆள் இருக்கும்.

சமூகநலத் துறையின் கீழ் இயங்கும் மூத்தோர் நடவடிக்கை மையங்களிலும், அரசு சுகாதார நிலையங்களோடு இணைந்த மூத்தோர் மன்றங்களிலும் உடற்பயிற்சி வகுப்புகள் பற்றி விசாரிக்கலாம். நம் ஆலயங்களும் குடியிருப்புச் சங்கங்களும் மண்டபத்தை வாரம் இரண்டு காலை திறந்துவிட்டு ஓர் ஆசானை அழைத்தால், பூங்காவுக்குத் தனியாகப் போகத் தயங்கும் பெண்களும் கற்றுக்கொள்வார்கள்.

வீட்டில் தொடங்க நான்கு படிகள்

ஒன்று, நிற்றல். பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலை இறுக்காமல், தோளைத் தளர்த்தி, மூக்கால் இயல்பாக மூச்சுவிட்டு இரண்டு நிமிடம் நில்லுங்கள். பக்கத்தில் நாற்காலி இருக்கட்டும்.

இரண்டு, எடை மாற்றல். நின்ற இடத்திலேயே உடல் எடையை வலது காலுக்கு மெதுவாக மாற்றுங்கள். இடது பாதம் இலேசாகிவிட்டதை உணர்ந்த பிறகு திரும்ப இடப்பக்கம் மாற்றுங்கள். பக்கத்துக்குப் பத்து முறை.

மூன்று, பூனைநடை. முழு எடையும் ஒரு காலில் இருக்க, மறுகாலை முன்னே வைத்துக் குதிகாலை மட்டும் பதியுங்கள். தரை உறுதியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகே எடையை முன்னே கொண்டுசெல்லுங்கள். வழுக்கும் தரையில் காலை இழுத்துக்கொள்ள நேரம் கிடைப்பது இந்தப் பழக்கத்தால்தான்.

நான்கு, மேகக் கைகள். எடை இடவலமாக மாறும்போது, இடுப்பைத் திருப்பி, முகத்துக்கு நேரே ஒரு கையும் வயிற்றுக்கு நேரே மறுகையும் மெல்ல நகரட்டும். கண் மேல்கையைப் பின்தொடரட்டும்.

இவை முறையான பயிற்சிக்கு முன்னோட்டம் மட்டுமே. நிலையைத் திருத்த ஆசான் ஒருவர் தேவை.

கவனிக்க வேண்டியவை

நெஞ்சுவலி, கட்டுப்படாத ரத்தக் கொதிப்பு, அண்மையில் அறுவை சிகிச்சை, எலும்புத் தேய்வு, கடும் தலைசுற்றல் உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். இனிப்பு நீருக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சிக்குப் போகக் கூடாது. சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். நடுக்கமோ வியர்வையோ வந்தால் உடனே அமர்ந்து சாப்பிட வேண்டும்.

பாத உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலில் செய்வதைத் தவிர்த்து, தட்டையான அடிப்பகுதி உள்ள மூடிய காலணி அணிய வேண்டும். பயிற்சி முடிந்ததும் பாதத்தில் புண் இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். மழை பெய்த காலையில் பாசி படிந்த சிமெண்ட் தரையையும், புகைமூட்ட நாள்களில் வெளியிடத்தையும் தவிர்க்கலாம். பயிற்சியின்போது மூட்டில் கூர்மையான வலி வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

தாய்ச்சி செய்தாலும் வீட்டுத் தரை ஈரமாக இருந்தால் விழத்தான் செய்வோம். குளியலறையில் பிடிமானக் கம்பி, வழுக்காத விரிப்பு, இரவில் ஒரு சிறு விளக்கு, ஆண்டுக்கொரு கண் பரிசோதனை ஆகியவையும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு முழுமையாகும்.

தோட்டத்தில் ஐந்து மணிக்கு எழுந்து பழகியவர்களுக்கு அதிகாலை புதிதல்ல. நாளைக் காலை பூங்காவில் அந்த வரிசையைக் கடக்கும்போது ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பின்வரிசையில் எப்போதும் ஓர் இடம் காலியாக இருக்கும்.